இரவில் ரோபோ புல்வெட்டியை ஓடவிடாதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை, கிளினிக் கதவைத் திறக்கும் முன்பே ஒருவர் அட்டைப்பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெட்டிக்குள் ஒரு முள்ளெலி, பந்தாகச் சுருண்டு கிடந்தது. "ராத்திரி நரி கடித்திருக்கும் போல, டாக்டர்" என்றார்.

சுருண்ட முள்ளெலியைக் கையால் விரிக்க முடியாது. மயக்க வாயு கொடுத்துத்தான் பார்த்தோம். மூக்கின் நுனி இல்லை. முன்னங்கால் ஒன்றில் எலும்பு தெரிந்தது. வெட்டு நேராகவும் சுத்தமாகவும் இருந்தது. பல் பட்ட காயம் அப்படி இருக்காது. "உங்கள் வீட்டில் ரோபோ புல்வெட்டி இருக்கிறதா?" என்று கேட்டேன். இருக்கிறது, இரவில்தான் ஓடுகிறது என்றார். கூடவே, "ஆனால் அதில் சென்சார் இருக்கிறதே!"

அந்த உயிரை வலியில்லாமல் அனுப்பி வைப்பதைத் தவிர எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. இந்தக் கோடையில் எங்களிடம் வந்த ஆறாவது முள்ளெலி அது. ஆறு வீட்டுக்காரர்களும் சொன்னது அதே சென்சார் கதைதான். ஜெர்மனியில் தோட்டத்தோடு வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள் பலரும் இப்போது, தானாகவே சுற்றிப் புல் வெட்டும் இந்த இயந்திரத்தை வாங்குகிறார்கள். அதனால் தமிழிலும் எழுதிவிடுகிறேன்.

சென்சார் என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். பெரும்பாலான புல்வெட்டிகளில் இருப்பது இடிப்பதை உணரும் சென்சார், தூக்கினால் நிறுத்தும் சென்சார், சாய்ந்தால் நிறுத்தும் சென்சார். இவை எதுவும் ஒரு பிராணியைப் "பார்ப்பது" இல்லை. எதிரே மரமோ சுவரோ இருந்தால் இடிக்கும், திரும்பும். இடிக்கும் அளவுக்கு எதிர்ப்பு வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் முள்ளெலிக் குட்டியிடம் அந்த எதிர்ப்பு எங்கிருந்து வரும்? மேல்மூடிக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் அது நுழைந்துவிடும். அங்கேதான் பிளேடு சுற்றுகிறது. தூக்கினால் நிற்கும் வசதி உங்கள் விரலைக் காப்பாற்ற வைத்தது, தரையோடு படுத்திருக்கும் பிராணிக்கு அதனால் பயனில்லை.

இது என் ஊகம் அல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த முள்ளெலி ஆய்வாளர் சோஃபி லுண்ட் ராஸ்முசெனும் அவருடைய குழுவும், ஏற்கெனவே இறந்துபோன முள்ளெலிகளை வைத்து 18 ரோபோ புல்வெட்டி மாடல்களைச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். தொடாமலே கண்டுபிடித்து ஒதுங்கிய இயந்திரம் ஒன்றுகூட இல்லை. 200 கிராமுக்குக் குறைவான குட்டிகளை எதுவுமே உணரவில்லை. பெரிய முள்ளெலிகளைச் சில மாடல்கள் இடித்துவிட்டுத் திரும்பின, சில வெட்டின. உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று உங்களுக்குத் தெரியுமா?

"சத்தம் கேட்டால் ஓடிவிடாதா?" என்று அடுத்துக் கேட்பார்கள். ஓடும் என்று நம்ப முடியாது. பூனை ஓடும், முயல் ஓடும். ஆபத்து வந்தால் அசையாமல் நிற்பதும் சுருண்டுகொள்வதும் முள்ளெலியின் இயல்பு. நரிக்கு எதிராக அது பலிக்கும். பிளேடுக்கு எதிராகப் பலிக்காது. போதாக்குறைக்கு இந்த இயந்திரம் சத்தமே இல்லாமல் வருகிறது. அதைத்தான் விளம்பரத்தில் பெருமையாகச் சொல்கிறார்கள்.

முள்ளெலி இரை தேடுவது அந்தி சாய்ந்த பிறகு. எனவே தீர்வு உங்கள் கைப்பேசியில், புல்வெட்டியின் நேரத்தை அமைக்கும் ஆப்பில் இருக்கிறது. இரவு நேரத்தை எடுத்துவிடுங்கள். காலை 10 மணிக்கு மேல் தொடங்கி, மாலை 5 மணிக்குள் நிறுத்துங்கள். கோல்ன் நகரம் 2024 அக்டோபரிலிருந்து இரவு நேர ஓட்டத்தைத் தடையே செய்துவிட்டது. உங்கள் ஊரில் தடை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரவில் பனியில் நனைந்த புல்லை வெட்டினால் அது இயந்திரத்தின் அடியில் அப்பிக்கொள்ளும். புல்தரைக்கும் அது நல்லதல்ல.

பகலிலும் ஓடவிடுவதற்கு முன் தோட்டத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் குட்டிகள் பகலிலும் வெளியே வரும். தினமும் வெட்டாதீர்கள், வாரம் இரண்டு முறை போதும். வேலி ஓரம் ஒரு முழ அகலத்துக்குப் புல்லை அப்படியே விட்டுவிடுங்கள், தேரைக்கும் அங்கே இடம் வேண்டும். அப்புறம், குழந்தைகள். வெறுங்காலோடு பிள்ளைகள் விளையாடும்போது அந்த இயந்திரம் ஓடவே கூடாது. இதைச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம்.

ஐரோப்பிய முள்ளெலியை 2024இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அச்சுறுத்தலை நெருங்கும் இனமாக மாற்றினார்கள். இனியும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அடிபட்ட முள்ளெலியைக் கண்டால், தயவுசெய்து, மாலை வரை காத்திருக்காதீர்கள். காயத்தில் சில மணி நேரத்திலேயே ஈ முட்டையிட்டுவிடும், புழு வைத்துவிட்டால் எங்கள் வேலை பல மடங்கு கடினம். கையுறை போட்டு எடுங்கள். உயரமான அட்டைப்பெட்டியில் துண்டை விரித்து, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி ஓரமாக வையுங்கள். பால் கொடுக்கவே கூடாது, வயிற்றுப்போக்கு வரும். உடம்பு சில்லென்று இருந்தால் உணவும் வேண்டாம், முதலில் சூடுதான். எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிழைத்துக்கொண்டால் அதே இடத்தில்தான் திரும்ப விட வேண்டும்.