லிங்க் சேமித்தால் மட்டும் போதாது: ஆசிரியர்களுக்கான புக்மார்க் பழக்கம்

ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் நல்ல லிங்க்குகளுக்குப் பஞ்சமில்லை. ஒளிச்சேர்க்கைக்கு ஒரு காணொளி வருகிறது, பின்னங்களுக்கு ஒரு விளையாட்டு வருகிறது. அந்தப் பாடத்தை நடத்தும் வாரத்தில் தேடினால்தான் அகப்படுவதில்லை. குழுவில் எல்லாம் வந்த தேதிப்படி கிடக்கிறது, நமக்கோ பாடப்படி வேண்டும். உலாவியில் நட்சத்திரக் குறியை அழுத்திப் புக்மார்க் செய்து வைப்பது பாதித் தீர்வுதான். பள்ளிக் கணினியில் சேமித்தது கைபேசியில் வராது. இரண்டிலும் ஒரே கணக்கில் நுழைந்திருந்தால்தான் வரும். சக ஆசிரியருக்கோ அது எப்படியும் தெரியாது.

இதற்காகத்தான் சமூகப் புக்மார்க் தளங்கள் வந்தன. 2003-ல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய டெலிஷியஸ் இந்த முறையைப் பரவலாக்கியது. லிங்க்கை இணையத்தில் சேமிக்கலாம், அதற்குப் பல குறிச்சொற்கள் (டேக்) கொடுக்கலாம், விரும்பினால் பிறருக்கும் திறந்து வைக்கலாம். இன்று தொடங்குகிறவருக்கு ரெயின்டிராப் என்ற தளம் வசதியானது. இலவசக் கணக்கிலேயே எத்தனை லிங்க் வேண்டுமானாலும் சேர்க்கலாம். பக்கத்தின் மேலேயே வரிகளை வண்ணமிட்டுக் குறிப்பு எழுத டீகோ என்ற தளம் நல்லது. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு ஓர் ஆண்டு முழுவதும் அதிலேயே இருங்கள். மூன்று தளங்களில் சிதறிய சேமிப்பு, சேமிக்காததற்குச் சமம்.

பலர் சறுக்குவது குறிச்சொற்களில். சேமிக்கும் நேரத்தில் தோன்றியதை எழுதினால், ஆறே மாதத்தில் 'வீடியோ', 'காணொளி', 'காணொலி' என்று ஒரே பொருளுக்கு மூன்று சொற்கள் சேர்ந்துவிடும். எதைச் சொடுக்கினாலும் மூன்றில் ஒரு பங்குதான் வரும். பள்ளியில் கூட்டாகச் சேமிப்பதாக இருந்தால், முதல் லிங்க்கைப் போடும் முன்பே முப்பது நாற்பது சொற்கள் கொண்ட பட்டியலை எழுதிப் பொதுவில் வையுங்கள். ஒவ்வொரு லிங்க்குக்கும் நான்கு சொற்கள் போதும்: வகுப்பு, பாடம், கருத்து, வகை. 'வகுப்பு8, அறிவியல், ஒளிச்சேர்க்கை, காணொளி' என்பதுபோல. அலகு எண்ணைக் குறிச்சொல்லாக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2018-19-ல் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது அலகு எண்கள் மாறின, ஒளிச்சேர்க்கை மாறவில்லை. டீகோ போன்ற தளங்களில் இடைவெளி விட்டால் இரண்டு குறிச்சொற்களாகப் பிரிந்துவிடும். அதனால் 'வகுப்பு8' என்று சேர்த்தே எழுதுங்கள்.

தமிழில் இன்னொரு கண்ணி உண்டு. 'ஔ' என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக 'ஒ', 'ள' என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டுகிறவர்கள் ஏராளம். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஔவையார் பாடல் ஒன்று தேடலில் வராமல் போனால் முதலில் இதைச் சோதியுங்கள். பொதுப் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டுவது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

குறிச்சொல்லைவிட மதிப்புள்ளது குறிப்புப் பெட்டி. 'நன்றாக உள்ளது' என்று எழுதினால் பயனில்லை. '2:10 முதல் 4:30 வரை போதும். பச்சையத்தை விளக்கும் இடம் தெளிவு. கடைசியில் விளம்பரம் வருகிறது' என்று எழுதினால், அடுத்த ஆண்டு நீங்களோ வேறொருவரோ காணொளியை மறுபடி முழுவதும் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தின் உரிமத்தையும் அங்கேயே குறித்துவிடுங்கள். பிறர் சில நிபந்தனைகளோடு பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்தால் வினாத்தாளில் படத்தைச் சேர்ப்பதற்கு வழி உண்டு.

இனி, மிக முக்கியமானது. புக்மார்க்கில் இருப்பது முகவரி மட்டும், பக்கம் அல்ல. 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டில் அணுக முடியாமல் போயின என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் கண்டது. உலாவியில் அசைவுப்படங்களை இயக்கிய ஃபிளாஷ் மென்பொருள் 2020 இறுதியில் நிறுத்தப்பட்டபோது, பக்கங்கள் இருந்தும் அவற்றிலிருந்த எண்ணற்ற பாட அசைவுப்படங்கள் இயங்காமல் போயின. சேமிக்கும் தளங்களும் நிரந்தரமல்ல. டெலிஷியஸ் 2005-ல் யாஹூவிடம் போய், 2011-ல் மீண்டும் கைமாறி, 2017-ல் பின்போர்டு என்ற இன்னொரு புக்மார்க் தளத்தால் வாங்கப்பட்டுப் புதிதாக எதையும் சேர்க்க முடியாத காப்பகமானது. பிறகு படிக்கப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் பாக்கெட் 2025 ஜூலையில் மூடப்பட்டது.

ஆகவே இரண்டு பழக்கங்கள் வேண்டும். கட்டாயம் தேவைப்படும் பக்கத்தைச் சேமிக்கும்போதே, இணையப் பக்கங்களின் நகலைக் காத்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் பதிந்து, கிடைக்கும் முகவரியைக் குறிப்பில் ஒட்டுங்கள். கட்டுரைக்கும் படத்துக்கும் இது நன்றாக உதவும். ஊடாடும் விளையாட்டுகளும் கடவுச்சொல் கேட்கும் பக்கங்களும் பெரும்பாலும் சரியாகப் பதியாது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனைகள் (திரையில் மாற்றிமாற்றிச் செய்து பார்க்கும் சோதனைகள்) போன்றவற்றைப் பதிவிறக்கியே வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் எச்டிஎம்எல்5 கோப்புகள் இணையம் இல்லாத வகுப்பறையிலும் ஓடும். இரண்டாவதாக, பருவத்துக்கு ஒருமுறை முழுச் சேமிப்பையும் எச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். கணினியிலுள்ள பெரும்பாலான உலாவிகளும் அநேகமாக எல்லாப் புக்மார்க் தளங்களும் அதை ஏற்கும்.

மாணவர்களுக்கு லிங்க் தருவதிலும் கவனம் தேவை. தமிழ் எழுத்துகள் உள்ள முகவரியை நகலெடுத்தால், ஒவ்வோர் எழுத்துக் குறியும் ஒன்பது குறிகளாக விரியும். பயிற்சித்தாளில் அச்சிட்டால் யாராலும் தட்டச்சு செய்ய முடியாது. கியூஆர் குறியீடு போடலாம், ஆனால் 'டைனமிக்' வகை வேண்டாம். அது அந்த நிறுவனத்தின் சர்வர் வழியாகத் திருப்பிவிடுவது. இலவசக் காலம் முடிந்ததும் அச்சான தாளெல்லாம் வீணாகலாம். 'ஸ்டாடிக்' வகையில் முகவரியே குறியீட்டுக்குள் இருக்கும்.

மாணவர்களைச் சொந்தப் பெயரில் கணக்குத் தொடங்கச் சொல்லாதீர்கள். இந்தியாவின் 2023 ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. அவர்களது தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஆசிரியர் தொகுத்த பொதுப் பக்கத்தைக் கணக்கில்லாமலே பார்க்க முடியும். பக்கத்தின் முகவரியை மாணவர்களுக்குத் தரும் முன், கணக்கிலிருந்து வெளியேறிய நிலையில் வேறொரு கைபேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள். மதிப்பெண் பட்டியலோ மாணவர் பெயருள்ள கோப்போ அந்தத் தொகுப்பில் தவறிப்போய்ச் சேர்ந்திருந்தால், அப்போதுதான் கண்ணில் படும்.