ஸ்டென்ட் வைத்தாச்சு, அப்புறம்?

செங்கோட்டைப் பக்கம் நெஞ்சுவலி என்றால் ஆம்புலன்ஸ் திருநெல்வேலிக்குப் போகும்; இல்லையென்றால் புளியரை தாண்டி ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குப் போகும். அங்கே இதய ரத்தக்குழாய் அடைப்பை எடுத்து, குழாய் மறுபடி சுருங்காமல் தாங்கும் சின்ன வலைக்குழாயான ஸ்டென்ட்டை வைத்து, சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு பார்த்துக்கொள்வது என்னைப் போன்ற உள்ளூர் மருத்துவர்கள். மாத்திரையை நிறுத்துகிறவரையும் மறுபடி பீடியை எடுக்கிறவரையும் 'சொன்னா கேக்க மாட்டாங்க' என்று எளிதாகத் திட்டிவிடுகிறோம். நான் பார்த்தவரை, பலருக்கு எல்லாம் நன்றாகவே தெரியும். மனசும் வீட்டு நிலைமையும்தான் விடுவதில்லை.

ஆரியங்காவு வழியாகப் போகும் இதே கொல்லம் சாலையில் இருக்கும் கொட்டாரக்கரையில் பிறந்தவர் இதயநோய் ஆய்வாளர் டாக்டர் சலீம் யூசுஃப். அவர் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானது. மாரடைப்பு ஆபத்தில் பெரும்பகுதி ஒன்பது காரணங்களுக்குள் அடங்கிவிடுகிறது என்றது அது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரையோடு மன நெருக்கடிக்கும் அந்தப் பட்டியலில் இடம் உண்டு. நாங்களோ ரத்தத்தைச் சோதிக்கிறோம், மாத்திரை எழுதுகிறோம். மனசுக்கு மட்டும் 'டென்ஷன் ஆகாதீங்க' என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறோம்.

தென்காசி மாவட்டத்தில் பீடி சுற்றும் வீடுகள் ஏராளம். சுமை தூக்கும் அண்ணாச்சி ஒருவர், மாரடைப்புக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. மனைவியின் பீடிக் கூலியில்தான் குடும்பம் ஓடியது. “பீடியை விட்டுடுங்க அண்ணாச்சி” என்றேன். “நான் விட்டாலும் அது வீட்டை விட்டுப் போகாதே சார்” என்றார். உண்மைதான். மனைவியின் மடியில் சொளகு, அதில் தூள், பக்கத்தில் வெட்டிய இலை, சுற்றி முடித்த கட்டுகள். எல்லாம் கை நீட்டினால் எட்டும். அதைவிடப் பெரிது, பொண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்ற கூச்சம். அது ஏறும் நேரத்தில்தான் கை பீடிக்குப் போகிறது. அந்த அக்கா சுற்றும் இடத்தைப் பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு மாற்றினார். அண்ணாச்சிக்குத் தெரிந்த கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. பீடி நின்றது, நான் எழுதிய சீட்டால் இல்லை. மாரடைப்புக்குப் பின் புகையை விட்டவர்களுக்கு மரண ஆபத்து, விடாதவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு.

(எங்கள் எல்லையோரக் கடைகளின் பார்டர் புரோட்டாவை அடியோடு விடச் சொன்னால் டாக்டரைத்தான் மாற்றுவார்கள். அதனால் அதில் மட்டும் பேரம் பேசுகிறேன்.)

அடுத்தது பயம். வாளியைத் தூக்காதே, மாடி ஏறாதே என்று வீட்டார் பாசத்தோடு கட்டிலிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். மருத்துவர் சரி என்றபின், சமதரையில் கொஞ்ச தூரத்தில் தொடங்கி நடையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். தாம்பத்தியம் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை, நானேதான் கேட்பேன். வலியோ மூச்சுத் திணறலோ இல்லாமல் இரண்டு மாடி ஏற முடிந்தால் பொதுவாக அதற்குத் தடையில்லை. ஆனால் நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை எடுப்பவர்கள் வயாகரா வகை மாத்திரையைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அழுதுகொண்டு வருகிறவர் குறைவு. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார், விடியுமுன்னே விழித்துவிடுவார், சாப்பாட்டில் பிடிப்பிருக்காது. வீட்டில் அதற்கு 'ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து குணமே மாறிட்டு' என்று பெயர். நான் இரண்டு கேள்வி கேட்பேன்: கடந்த இரண்டு வாரமாக எதிலும் ஆர்வம் இல்லாமல் இருக்கிறதா? மனசு சோர்ந்து, நம்பிக்கை விட்டுப்போகிறதா? பெரும்பாலான நாட்களில் ஆமாம் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், சிகிச்சை இருக்கிறது. நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பெண்களிடம் வேறு கதை. வீட்டுக்காரருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க மறக்காதவர், 'எனக்கு இப்ப நல்லாத்தான இருக்கு' என்று தன் அட்டையை அப்படியே வைத்திருப்பார். காசைப் பார்த்து ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர்களும் உண்டு. ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தினால், ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளலாம். காசு இடிக்கிறது என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதே மருந்துள்ள, விலை குறைந்த ஜெனரிக் மாத்திரைக்கு மாற்றி எழுதித் தர எங்களுக்கு ஒரு நிமிஷம் போதும்.