மறுபடி சூடு பண்ணினால் சரியாகிவிடுமா?

"சூடு பண்ணித்தான் டாக்டர் சாப்பிட்டோம்." குடும்பத்தோடு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வருகிறவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், பதிலோடு இதையும் சேர்த்தே சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நாங்களேதான் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், தண்ணீர் விஷயத்தில் அது சரியும்கூட. ஆனால் சமைத்த பிறகு பல மணி நேரம் வெளியே கிடந்த சாப்பாட்டுக்கு அது பொருந்தாது. சூட்டில் கிருமி சாகும். அது ஏற்கெனவே கக்கி வைத்திருக்கும் நஞ்சு சாகாது.

சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா, மண்ணில் இருப்பது, அரிசியோடு நம் வீட்டுக்கு வருகிறது. உலை கொதிக்கும்போது அது தடித்த ஓட்டுக்குள் ஸ்போராக ஒடுங்கிக்கொண்டு, சோறு வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். சோறு ஆறி வெதுவெதுப்புக்கு வந்ததும் முளைத்துப் பெருக ஆரம்பிக்கும். அப்போது அது உண்டாக்குகிற வாந்தி நஞ்சு, 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாதது. நம் பிரஷர் குக்கர் எட்டுகிற வெப்பமே ஏறக்குறைய அவ்வளவுதான், அடுப்பில் வைத்துக் கிளறுவதால் என்ன ஆகிவிடப்போகிறது? சமைப்பவரின் கை வெட்டுக்காயம், கொப்புளம், மூக்கு ஆகியவற்றிலிருந்து சாப்பாட்டுக்குள் போகும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நஞ்சும் இதே ரகம், கொதித்தாலும் போகாது. இவை பெருகுவதற்குத் தோதான வெப்பம் 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை, அதாவது நம் ஊரில் அடுப்பிலும் ஃபிரிட்ஜிலும் இல்லாத எல்லா இடமும். தோதான சூட்டில் பல கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒரே ஒரு கிருமி ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வளைகாப்பு வீட்டு விவகாரத்தை விசாரிக்கப் போயிருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். ஐந்து வகைச் சாதம் போட்டிருந்தார்கள், ஊரே தயிர்சாதத்தைக் கைகாட்டியது, லேசாகப் புளித்திருந்ததாம். நாங்கள் நீளத் தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் வயது, எந்தப் பந்தி, என்னென்ன சாப்பிட்டார், முதல் வாந்தி எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டே போனோம். சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்களையும் விடாமல் எழுத வேண்டும், அவர்கள் இல்லாமல் ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது. "நான் நல்லாத்தானே இருக்கேன், என்னை எதுக்குக் கேக்குறீங்க" என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். அவர் முதல் பந்தியில் ஐந்தையும் சாப்பிட்டவர்! தாள் நிறைய நிறைய விஷயம் தெளிவானது: மத்தியானம் சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் நன்றாக இருந்தார்கள், மீந்ததைத் தூக்குவாளியில் எடுத்துப்போய் ராத்திரி சாப்பிட்டவர்களுக்குத்தான் இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி, அவர்களிலும் தேங்காய்ச்சாதம் சாப்பிட்ட வீடுகளில்தான். விடியற்காலை நாலு மணிக்குச் சமைத்து, அண்டாவில் மூடி வைத்தது. அவ்வளவு பெரிய அண்டாவின் நடுப்பகுதி நாள் முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கும். புளியோதரை, எலுமிச்சை, தயிர் மூன்றிலும் புளிப்பு இருப்பதால் கிருமி லேசில் பெருகாது, தேங்காய்ச்சாதத்துக்கு அந்தக் காவல் கிடையாது. ராத்திரி சாப்பிட்டவர்களில் சிலர் வாணலியில் போட்டுச் சூடு பண்ணித்தான் சாப்பிட்டிருந்தார்கள்.

உடனே ஒரு கேள்வி வரும், அப்படியானால் நம் பாட்டி தாத்தா பழைய சோறு சாப்பிடவில்லையா? சாப்பிட்டார்கள், நானும் சாப்பிடுகிறேன். அதில் தண்ணீர் ஊற்றியதும் சோறு சீக்கிரம் ஆறுகிறது, இரவெல்லாம் புளிக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் மற்ற கிருமிகளை அடக்குகிறது. அண்டாவில் குவிந்து கிடக்கும் சோற்றையும் இதையும் ஒன்றாக்கக் கூடாது.

மீனிலும் இதே கதைதான். சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றை ஐஸ் இல்லாமல் வெயிலில் விட்டால் சதையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும், குழம்பாகக் கொதித்தாலும் அது அப்படியே இருக்கும். சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பில் தடிப்பு வரும். பலர் "எனக்கு மீன் அலர்ஜி" என்று முடிவுகட்டிக்கொண்டு அப்புறம் வாழ்நாள் முழுக்க மீனைத் தொடுவதில்லை.

இன்னொரு பழக்கம், கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழியைப் போடுவது. எப்போதும் அது உண்மையாக இருப்பதில்லை. சில மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் நான் மேலே சொன்ன நஞ்சுகளைச் சந்தேகிப்போம். காய்ச்சலும் இரத்தம் கலந்த பேதியுமாக ஷிகெல்லா போன்ற பாக்டீரியா தரும் நோய் வர ஓரிரு நாள் ஆகும். டைஃபாய்டுக்கு ஒன்று முதல் மூன்று வாரம். மஞ்சள் காமாலை தரும் ஹெப்படைடிஸ் ஏ வைரஸ் உள்ளே போய் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் கண் மஞ்சளாகும், போன மாதம் எந்தக் கடையில் ஐஸ் போட்ட ஜூஸ் குடித்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? இதனால்தான் தனியாக வரும் நோயாளிகளில் பெரும்பாலோர் எந்தக் கணக்கிலும் சேராமலே போகிறார்கள். கல்யாண வீடு, விடுதி என்று கூட்டமாக விழுந்தால்தான் செய்தியாகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கெட்ட உணவால் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள். அதில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். திரும்பத் திரும்பப் பேதியாகும் குழந்தைக்கு எடை ஏறாது, வளர்ச்சி நின்றுபோகும், அந்த நஷ்டம் எந்தச் சாவுக் கணக்கிலும் வராது. தினக்கூலிக் குடும்பத்தில் அம்மா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் மூன்று நாள் சம்பளம் போச்சு.

2022-இல் காசர்கோட்டில் 16 வயதுப் பெண், 2023-இல் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி, இருவரும் ஷவர்மா சாப்பிட்ட பிறகு இறந்தார்கள். காசர்கோட்டில் ஷிகெல்லா இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. பத்து முதல் நூறு கிருமி உள்ளே போனாலே போதும், அந்த நோய் வந்துவிடும். ஷவர்மாக் கம்பியில் வெளிப்பக்கம் வெந்ததைச் சீவச் சீவ உள்ளே இருப்பது வேகாமலே வெளியே வரும், கூட்டம் அதிகமான நேரத்தில் அது வேகும்வரை யாரும் காத்திருப்பதில்லை. கூடவே பச்சை முட்டையில் செய்த மயோனைஸ். அதற்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது நல்ல காரியம், நான் மனதார வரவேற்றேன்.

நோய் வந்துவிட்டால் முதலில் உப்புச்சர்க்கரைக் கரைசல், அதாவது ஓ.ஆர்.எஸ். 1971-இல் வங்காள எல்லையில் பன்கான் அகதிகள் முகாமில் காலராவால் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, ஏற்றுவதற்கு சலைன் போதாமல் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் இதைத்தான் குடிக்கக் கொடுத்தார், முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு நாலு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஒரு பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள், பாதி பாக்கெட்டை ஒரு டம்ளரில் போட்டுக் குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்து. பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. வாந்தி எடுத்தாலும் பத்து நிமிடம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மலத்தில் இரத்தம், நிற்காத வாந்தி, குழிவிழுந்த கண், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குழந்தை துவண்டு கிடக்கிறது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது கூடவே கூடாது.

சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் ஆவி பறக்கும் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அகலத் தட்டுகளில் பரப்பி ஆற்றி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஆறட்டும் என்று ராத்திரி முழுக்க மேடையிலேயே விட்டுவிட்டுக் காலையில் உள்ளே வைப்பதில் எந்தப் பலனும் இல்லை.

விருந்தில் நாலு பேருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் பயத்தில் மீதி எல்லாவற்றையும் கொட்டி, அண்டாவையும் கழுவி வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். சமையலுக்கு ஆள் பேசும்போதே இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைப்பீர்கள், உங்கள் ஆட்களுக்கு இந்த வருடத்து மருத்துவப் பரிசோதனைச் சான்று இருக்கிறதா? உரிமம் பெற்றுச் சமைக்கிறவர்களிடம் வருடத்துக்கு ஒருமுறை எடுத்த அந்தச் சான்று இருக்க வேண்டும், உணவுப் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது, கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.