ட்வின்ஸ் பாப்பாங்க தொட்டில்ல தூங்கணுமா, ஒண்ணு அழுதா மத்தது எழுந்துரும்ங்கிற பயத்தை முதல்ல விடுங்க

ட்வின்ஸ் வச்சிருக்குற அம்மா அப்பா செக்கப்புக்கு வரும்போது என்கிட்ட அதிகமா கேக்குறது ஒரே கேள்வி தான், "டாக்டர், ரெண்டும் கையில இருந்தா நல்லா தூங்குது, தொட்டில்ல போட்டதும் கண்ணை முழிச்சிருது, என்ன பண்றது?" கூடவே இன்னொண்ணும் சொல்லுவாங்க, ஒண்ணு லேசா சிணுங்கினாலே ஓடிப்போய் தூக்கிடுறோம், இல்லன்னா மத்ததும் எழுந்துரும்னு. பாதி பிரச்சனை அந்த ஓட்டத்துல தான் இருக்கு.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 14ல இருந்து 17 மணி நேரம் வரைக்கும் தூங்கும், ஆனா துண்டு துண்டா. ஒரு தூக்கச் சுற்று 50, 60 நிமிஷம் தான், அதுல கிட்டத்தட்ட பாதி ஆக்டிவ் ஸ்லீப், அதாவது உடம்பு அசைஞ்சுக்கிட்டே தூங்குற தூக்கம். அந்த நேரத்துல பக்கத்துல உக்காந்து பாருங்க, மூடுன இமைக்குள்ள கண்ணு உருளும், வாய் பால் குடிக்கிற மாதிரி சப்பும், முகம் சுளிக்கும், முக்கும், காலை உதைக்கும், சில நேரம் சின்னதா ஒரு அழுகை கூட வந்துட்டு போகும். ஆனா குழந்தை தூங்கிட்டு தான் இருக்கு. அப்போ தூக்குனா எழுப்புறது நாம தான். அதனால சத்தம் கேட்டா கிட்ட போங்க, பாருங்க, ஆனா கை வைக்காம ஒரு நிமிஷம் நில்லுங்க. நிறைய தடவை தானா அடங்கிடும். அழுகை ஏறிக்கிட்டே போச்சுன்னா தூக்குங்க, பசின்னா பால் குடுங்க. இந்த வயசுல அழ விட்டு பழக்குறதுங்கிற பேச்சுக்கே இடம் இல்ல.

மத்தது எழுந்துருமேன்னு கவலைப்படுறவங்களுக்கு, ட்வின்ஸ் பெரும்பாலும் ஒண்ணோட அழுகைக்கு இன்னொண்ணு பழகிடும், ஒண்ணு வீல்னு கத்தும்போது பக்கத்து தொட்டில்ல மத்தது அசையாம தூங்குறதை நிறைய வீட்ல பாக்கலாம். அதுக்காக வேற வேற ரூம்ல போட வேண்டாம், முதல் 6 மாசமாவது ரெண்டும் உங்க ரூம்லயே இருக்கட்டும்.

ஆனா ஒரே தொட்டில்ல ரெண்டையும் சேர்த்து படுக்க வைக்காதீங்க. போட்டோவுக்கு அழகா இருக்கும் தான், ஆனா ஒண்ணோட கை மத்ததோட முகத்தை மூடலாம், உடம்பு சூடு ஏறலாம். அமெரிக்காவுல இருக்குற குழந்தை டாக்டர்களோட அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2022ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயும் ட்வின்ஸுக்கு தனித்தனி படுக்கை தான் சொல்லியிருக்கு. கெட்டியான தட்டையான மெத்தை, இறுக்கமா பொருந்துற விரிப்பு, அவ்வளவு தான், தலையணை, போர்வை, பொம்மை, சுத்திக் கட்டுற மெத்தை எதுவும் உள்ள வேண்டாம். பகலோ ராத்திரியோ, எப்பவும் மல்லாக்கத் தான் படுக்க வைக்கணும்.

இதுல ஒரு குழப்பம் வரும். ட்வின்ஸ்ல பாதிக்கு மேல 37 வாரத்துக்கு முன்னாடியே பிறந்துடுறாங்க, என்ஐசியூல (பச்சிளங்குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுல) இருக்கும்போது குப்புற படுக்க வச்சதை அம்மா பாத்திருப்பாங்க, அங்க செஞ்சாங்களே வீட்லயும் செய்யலாம்னு நினைப்பாங்க. அங்க மானிட்டர் ஓடிக்கிட்டே இருக்கும், நர்ஸ் பக்கத்துலயே இருப்பாங்க. வீட்ல கண்டிப்பா கூடாது, குறை மாசக் குழந்தைங்களுக்கு தூக்கத்துல திடீர்னு இறக்குற ஆபத்து மத்த குழந்தைங்களை விட அதிகம். அதே மாதிரி பகல் ராத்திரி வித்தியாசம் 2, 3 மாசத்துல தான் பிடிபட ஆரம்பிக்கும், அந்த மாசத்தையும் குறை மாசக் குழந்தைக்கு பிறந்த தேதியில இருந்து எண்ணாதீங்க, டாக்டர் குடுத்த டியூ டேட்ல இருந்து எண்ணுங்க.

தொட்டில்ல வைக்கிற முறையும் முக்கியம். முழுசா அசந்த பிறகு வைக்காம, கண்ணு சொக்குற நேரத்துல வச்சுப் பாருங்க. தலையை முதல்ல இறக்குனா விழுற மாதிரி தோணி ரெண்டு கையையும் விரிச்சு திடுக்குன்னு முழிக்கும், அதனால முதல்ல கால், அப்புறம் இடுப்பு, கடைசியா தலை. வச்ச உடனே கையை உருவாம நெஞ்சு மேல லேசா வச்சிருந்து மெதுவா எடுங்க. பகல்ல முதல் தூக்கத்துல மட்டும் இதை ஆரம்பிச்சா போதும், மொத்த நாளையும் ஒரேடியா மாத்தப் பாத்தா நீங்க தான் களைச்சுப் போவீங்க. துணியில சுத்துற பழக்கம் இருந்தா, புரள முயற்சி பண்ற அன்னைக்கே நிறுத்திடுங்க.

ராத்திரி ஒண்ணு பாலுக்கு எழுந்தா, அதுக்கு குடுத்து முடிச்சதும் மத்ததையும் எழுப்பி குடுத்துடுங்க, இல்லன்னா உங்களுக்கு தூக்கமே கிடையாது. எடை நல்லா ஏறுதுன்னு உங்க டாக்டர் சொல்ற வரைக்கும் ராத்திரி பாலை குறைக்காதீங்க.

ரெண்டும் ஒரே வாரத்துல பழகாது, ஒரே மாதிரி இருக்குற ட்வின்ஸ்லயும் ஒண்ணு முன்ன பின்ன தான் பழகும், சீக்கிரம் பழகுனதோட மத்ததை ஒப்பிடாதீங்க. உங்க தூக்கத்தையும் பாருங்க, ஒருத்தர் முன்ராத்திரி, ஒருத்தர் பின்ராத்திரின்னு பிரிச்சுக்கோங்க. குழந்தையை நெஞ்சுல போட்டுக்கிட்டு சோஃபாவுல கண் அசர்றது தான் எல்லாத்துலயும் ஆபத்தானது, உதவிக்கு வர்ற பாட்டி தாத்தாக்கும் இதை சொல்லி வைங்க. தூக்கத்துல மூச்சு 20 செகண்டுக்கு மேல நின்னாலோ, உதடு நீலமானாலோ, எழுப்பியும் பால் குடிக்காம துவண்டு கிடந்தாலோ, விடியட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க.