மலை இறங்கிப் பத்து நாள் கழித்து வரும் காய்ச்சல்

தேனி மாவட்டத்துப் போடியில் பொதுமருத்துவம் பார்ப்பவன் என்பதால் மலைக்குப் போய் வந்தவர்கள் அடிக்கடி என்னிடம் வருவார்கள். குரங்கணியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதை ஒன்று, கொழுக்குமலைக்கு ஏறும் பாதை இன்னொன்று. பெயரில்தான் ஸ்டேஷன், ரயிலைத் தேடாதீர்கள். நூறு வருடங்களுக்கு முன்னால் மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன் வரை சிறிய ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போனது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

2018 மார்ச் 11 அன்று இந்தச் சரிவில் பற்றிய காட்டுத்தீயில் மலையேற வந்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதிலிருந்து மலை என்றாலே தீ, யானை, பாம்பு என்று பயப்படுகிறோம். நியாயமான பயம்தான். கோடையில் காய்ந்த புல்லுக்குள் போகாதீர்கள், வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள். ஆனால் என் மேசைக்கு வருகிறவை வேறு. முட்டிவலி, அட்டைக்கடி, அப்புறம் ஒரு காய்ச்சல். முட்டிவலி இறக்கத்தில் ஓடியதன் பலன், நாலு நாளில் சரியாகிவிடும். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிவதைப் பார்த்துப் பதறி ஓடி வருவார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் எச்சிலிலேயே இருக்கிறது. நகத்தால் மெல்ல நெம்பி எடுத்து, கழுவி, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் போதும்.

காய்ச்சல் கதைதான் வேறு. ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் உள்ளூர்ப் பையன். தீபாவளி லீவில் நண்பர்களைக் குரங்கணி மலைக்குக் கூட்டிப் போய்விட்டு வேலைக்குத் திரும்பியிருக்கிறான். பத்து நாள் கழித்துக் குளிர்காய்ச்சல், மண்டை பிளக்கும் தலைவலி. அங்கே ஒரு கிளினிக்கில் டெங்கு பார்த்தார்கள், இல்லை. டைபாய்டு பரிசோதனையில் லேசாக ஏதோ காட்டியது, அதற்கு ஊசி போட்டார்கள். காய்ச்சல் அசையவில்லை. ஆறாம் நாள் அவன் அம்மா என்னிடம் கூட்டி வந்தபோது இருமலும் சேர்ந்துவிட்டது, நாலு படி ஏறியதற்கே மூச்சு வாங்கினான்.

"எங்கயாவது காடு மலைன்னு போனியா தம்பி?"

"இல்ல சார்."

அம்மாதான் குறுக்கே வந்தார். "ஏன்டா பொய் சொல்ற? தீவாளிக்குக் குரங்கணி போகலையா நீ?"

"அது போன மாசம்மா!"

பொய் இல்லை, இரண்டு வாரத்துக்கும் முன்னால் போனதற்கும் இந்தக் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்திருக்கிறான். சட்டையைக் கழற்றச் சொன்னேன். அக்குளில் ஒன்றுமில்லை. எங்கள் நர்ஸ் அக்காதான் இடுப்பில், பெல்ட் அழுத்தும் இடத்துக்குக் கீழே காட்டினார். "டாக்டர், இதென்ன, சிகரெட்டால சுட்ட மாதிரி?" மிளகை விடக் கொஞ்சம் பெரிசாக ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலியில்லை, அரிப்பில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

ஸ்க்ரப் டைபஸ். செய்தித்தாள்களில் உண்ணிக்காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயரில் எனக்கு ஒரு மனக்குறை. உண்ணி என்றதும் எல்லாரும் மாட்டு உண்ணியை மனதில் வைத்துக்கொண்டு, "அப்படி ஒண்ணும் கடிக்கலையே" என்கிறார்கள். இதைப் பரப்புவது கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு, ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இருக்காது. புல்லிலும் புதரோரத்திலும் காத்திருக்கும். நாம் உட்கார்ந்தால் ஏறி, துணி இறுக்கும் இடமாகப் பார்த்துக் கடித்துவிட்டு, ரெண்டு மூணு நாளில் உதிர்ந்துவிடும். உடம்புக்குள் போன கிருமி வேலையைக் காட்ட ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை ஆகலாம். அதற்குள் மலைக்குப் போனதையே மறந்திருப்போம். மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில் இந்தக் காய்ச்சல் அதிகம் வருகிறது. மலையேற சுகமான மாதங்களும் அவைதான்.

டைபாய்டுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இந்தக் கிருமியிடம் எடுபடாது. டாக்ஸிசைக்ளின் எடுபடும். விலை மலிவான பழைய மாத்திரை. கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் அசித்ரோமைசின் தருவோம். பையனை வார்டில் சேர்த்து மருந்து தொடங்கினேன், இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று எதில் வேண்டுமானாலும் கை வைத்திருக்கும். இதைப் படித்துவிட்டு மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்கிவிடாதீர்கள். டெங்குவும் எலிக்காய்ச்சலும் இதே வேஷத்தில் வரும்.

ரத்தப் பரிசோதனை முதல் வாரத்தில் ஒன்றும் காட்டாமல் போகலாம். அதனால் சந்தேகம் வந்தாலே மருந்து தொடங்கிவிடுவோம், அந்தச் சந்தேகத்தை நீங்கள்தான் எங்களுக்குத் தர வேண்டும். காய்ச்சல் என்று யாரிடம் போனாலும், "மூணு வாரம் முன்னாடி மலைக்குப் போனேன்" என்று கேட்காமலேயே சொல்லுங்கள். டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டில் ஒருவரை உங்கள் உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு, மார்புக்குக் கீழே. பெண்கள் கூச்சத்தில் சொல்லாமல் விடும் இடங்களில்தான் இந்தப் புண் பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. ஈரமான இடங்களில் கருப்பாக இல்லாமல் வெறும் புண்ணாகவும் தெரியும். எல்லாருக்கும் புண் இருக்கும் என்றும் இல்லை.

மலைக்குப் போகும்போது ஒரு பழைய தார்ப்பாய்த் துண்டு எடுத்துப் போங்கள். நடப்பதைவிடப் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டு, படுத்து எழுவதுதான் ஆபத்து. முழு பேண்ட், அதன் கீழ்முனையைச் சாக்ஸுக்குள் திணித்துக்கொள்ளுங்கள், பூச்சி விரட்டி தடவுங்கள். திரும்பியதும் மெத்தையில் விழாமல் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள். போட்டிருந்த துணியைக் கதவில் மாட்டி வைக்காமல் வெந்நீரில் ஊறப்போடுங்கள்.

தோட்டத்துக்குக் களை பறிக்கப் போகிறவர்களுக்கும் விறகு பொறுக்கப் போகிறவர்களுக்கும் இது வராமல் இல்லை. அவர்களிடம் மலைக்குப் போனீர்களா என்று யாரும் கேட்பதில்லை, தினமும் போகிறவர்கள்தானே என்று விட்டுவிடுகிறோம். நானும் அப்படி விட்டவன்தான். இப்போதெல்லாம் காய்ச்சல் என்று யார் வந்தாலும் நர்ஸ் அக்கா வெப்பமானியை வைக்கும்போதே கேட்டுவிடுகிறார், "புல்லுல உக்காந்தீங்களா?"