கிரகணத்தைச் சொன்ன சோழி

சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் ஒரு தமிழர் சோழிகளைப் பரப்பிக்கொண்டு, மனப்பாடமாக ஏதோ சொல்லிக்கொண்டே அவற்றை நகர்த்தி, ஒரு சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். பக்கத்திலிருந்து கற்றுக்கொண்டவர் பிரெஞ்சு வானியலாளர் குயோம் லெ ஜாந்தி. எடுத்துக்கொண்டது 1765 ஆகஸ்ட் 30இல் நடந்து முடிந்த கிரகணம் என்பதால் சரிபார்க்க வசதியாக இருந்தது. கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவில் அன்று பெரிதும் மதிக்கப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணைப்படி போட்ட கணக்கோ 68 விநாடி கூடிப்போனது.

நம் வீடுகளில் ஜோசியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் கடைசியில் வந்து விழும் கேள்வி ஒன்று உண்டு: "கிரகணத்தையே நாழிகை தப்பாமல் சொல்கிற பஞ்சாங்கம், பலனை மட்டும் தப்பாகவா சொல்லும்?" நியாயமான கேள்விதான். பதில் தெரிய வேண்டுமானால் அந்தச் சோழிகள் என்ன செய்தன என்று பார்க்க வேண்டும்.

நிலா ஒரே வேகத்தில் நகர்வதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது நாளுக்கு 15 பாகை தாண்டும். விலகிப் போகும்போது 12 பாகைக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு நட்சத்திரம் சில நாள் 54 நாழிகையிலேயே முடிந்துவிடுவதும், சில நாள் 66 வரை இழுப்பதும் இதனால்தான். ஆனால் கூடிக் குறைந்து மறுபடி பழைய வேகத்துக்கு வர நிலாவுக்கு 27.55 நாள் போதும். இப்படி ஒன்பது சுற்று முடிய 247.99 நாள். அதாவது கிட்டத்தட்ட முழுசாக 248. அந்த 248 நாளும் நிலா எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும் என்று ஒரே ஒரு தடவை மனப்பாடம் செய்துவிட்டால் போதும். 249ஆம் நாள் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கலாம்.

அந்த மனப்பாடம்தான் 248 சந்திர வாக்கியங்கள். வரருசி செய்தவை என்பது மரபு. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான். முதல் வாக்கியம் "கீர்நஃ ச்ரேயஃ". கேட்பதற்கு வாழ்த்துப் போல இருக்கும், உள்ளே இருப்பதோ எண். எழுத்துக்கு எண் வைக்கும் கடபயாதி முறையில் கீ என்றால் 3, ந என்றால் 0, ர என்றால் 2, ய என்றால் 1. கடைசியிலிருந்து படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை). முதல் நாள் நிலா நகர்ந்த தூரம் அது. 248 நாளில் மிஞ்சும் அந்தத் துளிப் பிசகு சேர்ந்து பெரிதாகிவிடாமல் இருக்க 3031 நாள், 12372 நாள் என்று இன்னும் பெரிய சுற்றுகள் உண்டு. முந்தையது 110 சுற்று, பிந்தையது 449 சுற்று. கலியுகத் தொடக்கத்திலிருந்து ஓடிய நாட்களில் இவற்றைக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவதுதான் இன்றைய வாக்கியத்தின் எண். சோழிகளுக்கு இந்தக் கூட்டல் கழித்தல்தான் வேலை.

1825இல் ஜான் வாரன் என்ற அதிகாரியும் புதுவையில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைக் கண்டு, அந்த ஆண்டு மே 31, ஜூன் 1 கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். தொடக்கத்தில் 4 நிமிடம்தான் பிசகியது. முடிவில் 52 நிமிடம். கோட்பாடு எதுவும் அந்தக் கணிதருக்குத் தெரியவில்லை, நினைவாற்றல் அபாரம் என்று வாரன் எழுதி வைத்தார். எனக்கு இதில் பெருமிதம் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. வானம் அசலாகவே திரும்பத் திரும்ப வருகிறது. அதை நம்மவர்கள் செய்யுளில் பிடித்து வைத்தார்கள். எத்தனை நிமிடம் தப்பு என்று வானமே சொல்லவும் சொல்லிவிடுகிறது.

இனி லெ ஜாந்தியின் சொந்தக் கதை. அவர் பிரான்சிலிருந்து கிளம்பியது சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க. 1761இல் கப்பல் நெருங்குவதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடும் கப்பலில் நின்று பார்த்ததை வைத்து எதையும் அளக்க முடியவில்லை. அடுத்த கடப்பு எட்டு ஆண்டு கழித்து. காத்திருந்தார். 1768இல் புதுவைக்கே வந்து, இடிந்து கிடந்த கோட்டைக்குள் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலை, வெள்ளி சூரியனைக் கடக்கும் நேரம் பார்த்து மேகம் மூடியது. எல்லாம் முடிந்த பிறகு வெயில் அடித்தது. அவர் ஊர் திரும்புவதற்குள் இறந்துவிட்டதாக முடிவுகட்டி, சொத்தைப் பங்குபோடும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

வெள்ளி எந்த நாள், ஏறக்குறைய எந்த நேரத்தில் சூரியனைக் கடக்கும் என்று எட்டு ஆண்டுக்கு முன்பே தெரியும். மேகம் வருமா என்று முந்தின நாள்கூடத் தெரியாது. கோளின் இடத்தை இன்று துளி தப்பாக அளந்தால், நூறு வருடம் கழித்தும் தப்பு சிறியதாகவே இருக்கும். காற்றில் அதே துளித் தப்பு சில நாளுக்கொரு முறை இரட்டிப்பாகும். இத்தனை செயற்கைக்கோள்கள் இருந்தும் இன்றைக்கும் இரண்டு வாரத்துக்கு அப்பால் ஓர் ஊரின் மழையைத் தேதி போட்டுச் சொல்ல முடிவதில்லை. வேலை, கல்யாணம், விபத்து, வியாபாரம் எல்லாம் மேகத்தின் வகை. ஐந்து நிமிடம் தாமதமாகப் பேருந்து நிலையத்துக்குப் போனதால் திசை மாறிய வாழ்க்கைகள் எத்தனை! அதிர்ஷ்டம் என்று நாம் சொல்வது இதைத்தான். இதற்கு 248 நாள் சுற்று என்று எதுவும் கிடையாது.

அப்படியானால் பலன் ஏன் பலிப்பது போலத் தெரிகிறது? சனியையே எடுத்துக்கொள்வோம். ராசிக்கு 12, 1, 2ஆம் இடங்களில் சனி இருந்தால் ஏழரைச் சனி. நாலில் அர்த்தாஷ்டமம், ஏழில் கண்டச் சனி, எட்டில் அஷ்டமத்துச் சனி. கூட்டிப் பாருங்கள்: 12 ராசியில் 6. எந்த நாளில் எந்தத் தெருவில் எண்ணினாலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சனி சரியில்லை. ஏழரை வருடத்தில் ஒரு சாவோ, கடனோ, ஆஸ்பத்திரியோ இல்லாத குடும்பம் எது? அதுவுமில்லாமல், பரிகாரம் செய்யப் போவது கஷ்டம் உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் இறங்கும். நளதீர்த்தத்தில் முழுகி எழுகிறவருக்குக் கிடைக்கும் ஆறுதலை நான் குறைத்துப் பேசவில்லை. நிலைமை இறங்கியதற்குக் காரணம் எது என்பதுதான் கேள்வி.

புதுவை மாநிலத்துத் திருநள்ளாற்றில் வாக்கியப் பஞ்சாங்கப்படி சனிப்பெயர்ச்சி நடந்தது 2023 டிசம்பர் 20. இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி அதே ஆண்டு ஜனவரி 17இலேயே கும்பத்துக்குப் போய்விட்டது. இடையில் 11 மாதம், தனுசு ராசிக்காரர் ஒரு பஞ்சாங்கப்படி ஏழரையில் இருந்தார், இன்னொன்றின்படி விடுபட்டிருந்தார். மீன ராசிக்கு நேர்மாறு. சனிக்கு வாழ்க்கையின் மேல் பிடி இருந்திருந்தால் எந்தப் பஞ்சாங்கம் சரி என்று கோடிக்கணக்கான மக்களின் அனுபவமே தீர்ப்புச் சொல்லியிருக்கும். கிரகணம் என்றால் அரைமணிப் பிசகும் பிடிபட்டுவிடுகிறது. இங்கே 11 மாதப் பிசகை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நேராகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகரும் உடன் இருந்தவர்களும் 2008இல் மகாராஷ்டிரத்தில் 200 குழந்தைகளின் ஜாதகங்களைத் திரட்டினார்கள். பாதிப் பேர் படிப்பில் கெட்டிக்காரர்கள், மீதிப் பேர் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள். எது எவருடையது என்று பிரிக்க வேண்டும். 27 ஜோசியர்கள் ஆளுக்கு 40 ஜாதகம் பார்த்து விடை அனுப்பினார்கள். சரியாக வந்தது சராசரியாக 46 சதவீதம். காசைச் சுண்டிவிட்டிருந்தால் 50க்குப் பக்கத்தில் வந்திருக்கும்.

இதையெல்லாம் எழுதக் காரணம், பெண் பார்க்கும் இடங்களில் நடப்பது. கேட்டை நட்சத்திரம் என்றால் மூத்த மைத்துனருக்கு ஆகாது, மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாது என்று படித்த குடும்பங்களே வரனைத் திருப்பி அனுப்புகின்றன. நட்சத்திரம் முடியும் நேரம் இரண்டு பஞ்சாங்கங்களுக்கு இடையே சில நாட்களில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேறுபடும். அந்த இடைவெளியில் பிறந்த பெண் ஒன்றில் அனுஷம், இன்னொன்றில் கேட்டை. பிறந்த நேரம் மாறவில்லை, நிலாவும் நின்ற இடத்தில்தான் நின்றது. அவள் அப்பா எந்தப் பஞ்சாங்கத்தைக் கொண்டுபோனார் என்பதை வைத்துத்தான் வரன் தட்டிப்போகிறது.