ஆட்டிசத்துக்கு 'மன இறுக்கம்' என்று பேர் வைத்தது யார்?

உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 நெருங்கினால் எங்கள் நாகர்கோவிலில் எங்கேயாவது ஒரு பிளக்ஸ் போர்டு முளைத்துவிடும். நீலக் கலர், நடுவில் ஒரு குழந்தை படம், அதற்குக் கீழே 'மன இறுக்கம் பாதித்த குழந்தைகளை நேசிப்போம்'. இந்த வாட்டி வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் பார்த்தேன். நேசிக்கச் சொல்வதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் மன இறுக்கம் யாருக்கு? மாசக் கடைசியில் சீட்டுப் பணம் கட்ட அலைகிற எனக்கு இருக்கிறது. மகனைச் சேர்க்கப் போன நாலு பள்ளிக்கூடத்திலும் 'பாத்துச் சொல்லுதோம்' என்று திருப்பி அனுப்பப்பட்ட என் தங்கச்சிக்கு நிறையவே இருக்கிறது. அந்த மகனுக்கு இருப்பது ஆட்டிசம், பிறப்பிலேயே வருகிற ஒரு மூளை வளர்ச்சி வித்தியாசம். அது வேறு சங்கதி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தமிழில் சொல் இருந்தால் தமிழில்தான் எழுத வேண்டும் என்கிற கட்சிக்காரன் நான். 'பேருந்து' என்று எழுதிப் பழகியவன், பேசும்போது மட்டும் பஸ் வந்துவிடும். ஆகவே இது இங்கிலீஷ் மோகத்தில் வந்த புலம்பல் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சொல்லின் கதை சின்னதுதான். கிரேக்கத்தில் 'ஆட்டோஸ்' என்றால் 'தான்'. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1911 வாக்கில் அதிலிருந்து ஜெர்மன் மொழியில் ஒரு சொல் செய்தார். ஸ்கிசோஃப்ரீனியா என்கிற மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் தமக்குள்ளேயே ஒதுங்கிப்போவதைக் குறிக்கத்தான் செய்தார், குழந்தைகள் அவர் கணக்கிலேயே இல்லை. 1943-ல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார், மறுவருடம் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும். (இவர்களுக்கு முன்பே 1925-ல், மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் இதே மாதிரிப் பிள்ளைகளை வேறொரு பேரில் விவரித்திருந்தார். அவரை இன்றைக்கும் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.) ஆக, பிறந்தபோதே வேறொன்றுக்கு வைத்த பேர் இது, கைமாறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

இனி நம்ம ஊர் மொழிபெயர்ப்புக்கு வருவோம். இறுக்கம் என்கிற சொல்லை நாம் எங்கெல்லாம் சொல்கிறோம்? கயிறு இறுக்கமாக இருக்கிறது, சட்டை இறுக்கமாக இருக்கிறது, அந்த மேனேஜர் கொஞ்சம் இறுக்கமான ஆள். எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று இறுக்கியிருக்கிறது, அதைத் தளர்த்தினால் பழையபடி ஆகிவிடும் என்கிற நினைப்பு கூடவே வருகிறது. மன இறுக்கம் என்றால் அதேதான், கவலையாலோ வேலைப் பளுவாலோ மனசு இறுகிக் கிடப்பது. தமிழ் பேசுகிற யாரைக் கேட்டாலும் இந்த அர்த்தத்தைத்தான் சொல்வார்கள். அப்படி ஏற்கெனவே ஆள் குடியிருக்கிற வீட்டில் ஆட்டிசத்தையும் கொண்டுபோய்க் குடிவைத்தால், கேட்கிறவர் மனசில் உடனே இரண்டு கேள்வி எழும். இறுக்கியது யார்? எப்படித் தளர்த்தலாம்?

தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மாமி மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டே அவளிடம் கேட்டது இது. "மக்களே, பிள்ளைக்கு மன இறுக்கமாமே. வீட்டுல ஏதும் வழக்கா? நீயும் வேலைக்குப் போயிருத, பிள்ளை தனியா கெடந்து இறுகிப்போச்சு. சாயந்திரம் சங்குத்துறைக்குக் கூட்டிட்டுப் போ, கடக்காத்து பட்டா செரியாவும்." (எங்கள் ஊரில் வழக்கு என்றால் சண்டை.) மாமி நல்ல மனுஷி. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, 'மன இறுக்கம்' என்ற சொல்லைத் தமிழாகப் புரிந்துகொண்டார், அவ்வளவுதான். தங்கச்சி "செரி மாமி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள்.

இந்தப் பழி புதிதும் இல்லை. அம்மாவின் பாசக் குறைவுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று அமெரிக்காவில் 1950, 60-களில் ஒரு கூட்டம் பேசிக்கொண்டிருந்தது. 'குளிர்சாதனப் பெட்டி அம்மா' என்று அதற்குப் பட்டப்பேர் வேறு. புருனோ பெட்டல்ஹைம் என்பவர் அதை ஊரெங்கும் பரப்பினார், கேனரும் தொடக்கத்தில் பெற்றோரைப் பற்றி அப்படிச் சாயலாக எழுதியவர்தான். 1964-ல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ள பையனுக்கு அப்பா, இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, வளர்ப்பில் வந்த கோளாறு இல்லை என்று ஆதாரத்தோடு வாதாடினார். அதற்கப்புறம் இரட்டையர்களை வைத்து நடந்த ஆராய்ச்சி எல்லாம் பிறப்பிலேயே வருவதைத்தான் காட்டியது. இப்படி அங்கே தூக்கி எறிந்த பழியை, ஒரு ஆராய்ச்சியும் இல்லாமல், வெறும் மொழிபெயர்ப்பை வைத்தே நாம் மரச்சீனி உரிக்கிற திண்ணை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்.

சரி, மற்ற சொற்கள்? 'தன்முனைப்புக் குறைபாடு' என்று சிலர் எழுதுகிறார்கள். கிரேக்கத்தில் 'தான்' இருக்கிறதே, தமிழிலும் 'தன்' வரட்டும் என்று செய்தது. தன்முனைப்பு என்றால் நம் வழக்கில் அகந்தை, 'நான் நான்' என்கிற குணம். அது குறைந்தால் நல்லதுதானே ஐயா, அதற்கு எதற்கு டாக்டர்? இன்னொரு வேடிக்கை, தங்கச்சி மகனுக்கு தாகமெடுத்தால் "உனக்கு தண்ணி வேணுமா?" என்பான். நாம் அவனிடம் கேட்பதை அப்படியே திருப்பிச் சொல்வான், அவனைப் பொறுத்தவரை 'நீ' என்பது அவன்தான். கேனர் 1943-லேயே இதைக் குறித்து வைத்திருக்கிறார். 'நான்' என்ற சொல்லே வாயில் வராத பிள்ளைக்குத் தன்முனைப்பு என்று பேர் வைப்பது என்ன கொடுமை.

அரசு அறிவிப்புகளில் வருவது 'புற உலகச் சிந்தனையற்றோர்'. இது எனக்கு இன்னும் எரிச்சல். நாலு வீடு தள்ளி மிக்சி போட்டால் முதலில் அவனுக்குத்தான் தெரியும். கோயில் கொடைக்கு வெடி போடுவார்கள், சர்ச் திருவிழாவில் ஸ்பீக்கர் அலறும், அந்த நாட்களில் கட்டிலுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடப்பான். வீட்டு முற்றத்தில் பொறுக்கிய புன்னைக்காய்களைச் சின்னதிலிருந்து பெரிசாக வரிசை வைப்பான், நடுவில் ஒன்றை நான் மாற்றி வைத்தால், திரும்பிக்கூடப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, ஒரு நிமிஷத்தில் வந்து பழைய இடத்தில் வைப்பான். புற உலகம் அவனுக்குள் போவது குறைவு என்று யார் சொன்னது? கூடுதலாகப் போவதுதான் பாடு.

மிச்சம் 'மதியிறுக்கம்'. இருப்பதில் இது பரவாயில்லை, அன்றாடப் பேச்சில் வேறு அர்த்தம் இல்லாததால் மாமி இதைக் கேட்டு 'வழக்கா?' என்று கேட்க மாட்டார். ஆனால் மதி என்றால் அறிவு, அறிவு இறுகிவிட்டது என்றால் மந்தம் என்றுதான் ஆகும். அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்த பிள்ளைகள் உண்டு, இல்லாத பிள்ளைகளும் உண்டு. இங்கிலாந்து மனநல மருத்துவர் லோர்னா விங் போன்றவர்கள் 'ஸ்பெக்ட்ரம்' என்று சொன்னதே, ஒருவர் மாதிரி இன்னொருவர் இருக்க மாட்டார் என்பதற்காக. (அந்த ஸ்பெக்ட்ரத்தை 'நிறமாலை' ஆக்கினார்கள். இயற்பியல் வாத்தியாருக்குப் புரியும்.)

அப்படியானால் சரியான தமிழ் எது? என் கணக்கில் 'ஆட்டிசம்' என்றே எழுதலாம். ஸ போடாமல் ச போட்டு. நம் இலக்கணம் பெயர்களைக் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று இரண்டாகப் பிரிக்கிறது. நாலு கால் இருப்பதால் நாற்காலி, அது காரணப்பெயர். பனைக்கு ஏன் பனை என்று பேர்? காரணம் கிடையாது, அது இடுகுறி. நம் கலைச்சொல்லாக்கக்காரர்களுக்கு எதைப் பார்த்தாலும் நாற்காலி செய்யத்தான் தெரியும். ஆட்டிசத்தின் காரணமே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை, அதற்குள் காரணப்பெயர் வைத்தால் அந்தக் காரணம் தப்பாகத்தானே போகும்? இங்கிலீஷ்காரன் அந்தச் சொல்லைச் சொல்லும்போது கிரேக்கத்து 'தான்' அவன் காதில் விழாது. நமக்கு 'இறுக்கம்' ஒவ்வொரு முறையும் காதில் விழும். களியக்காவிளை தாண்டினால் மலையாளத்திலும் 'ஓட்டிசம்' என்றுதான் சொல்கிறார்கள், அதனால் அவர்கள் மொழி ஒன்றும் அழிந்துவிடவில்லை. விளவங்கோடு பக்கத்து ஆட்கள் பிள்ளையை திருவனந்தபுரத்துக்குத் தெரபிக்குக் கூட்டிப்போய்விட்டு வந்து 'ஓட்டிசம்' என்றே சொல்வதைக் கேட்டிருக்கிறேன், யாருக்கும் புரியாமல் போகவில்லை. நம் பூதப்பாண்டி ஜீவானந்தமே ஒரு காலத்தில் தனித்தமிழ் வேகத்தில் 'உயிரின்பன்' என்று பேரை மாற்றியவர், அப்புறம் ஜீவாவாகவே திரும்பி வந்தார்.

'ஆட்டிசம்' என்ற சொல்லுக்கும் ஆட்கள் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டோக்காரர் ஒருவர் "எப்பவும் ஆடிக்கிட்டே இருக்கான்லா, அதான் ஆட்டிசம்னு பேரு" என்று எனக்கே விளக்கினார். உட்கார்ந்த இடத்தில் முன்னும் பின்னும் ஆடுவது இந்தப் பிள்ளைகள் சிலரிடம் உண்டுதான், அதனால் மன இறுக்கத்தைவிட ஆட்டோக்காரர் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

இதெல்லாம் வெறும் சொல் சண்டை என்று நினைக்கிறவர்கள் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மனு எழுதிப் பார்க்க வேண்டும். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்த 7 வகைகளில் ஆட்டிசம் கிடையாது. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது, 2016 சட்டத்தின் 21 வகைகளில் தனி இனமாகவே இருக்கிறது. மனநோய் அதில் வேறு இனம். 'மன இறுக்கம்' என்று கேட்டுப் பழகிய அப்பா ஒருவர் நேரே மனநோய்க் கட்டத்தில் டிக் அடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். 'பாதித்த', 'நோய்', 'முற்றிலும் குணமாக்கப்படும்' எல்லாம் இதோடு சேர்ந்த கூட்டம்தான். ஆட்டிசம் தொற்றுவதில்லை, மருந்து கொடுத்துப் போக்குகிற காய்ச்சலும் இல்லை. ஒரு வயசாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயசிலும் விரல் நீட்டி எதையும் காட்டவில்லை என்றால் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிளக்ஸில் இதைப் போட்டிருந்தால் உபயோகம்.

ஏப்ரல் 2 விழிப்புணர்வு ஊர்வலத்துக்குத் தங்கச்சி மகனையும் கூட்டிப்போனோம், தொப்பி எல்லாம் கொடுத்தார்கள். முன்னால் செண்டை மேளம்! பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நின்று அடிக்கிறார்கள். காதைப் பொத்திக்கொண்டு அவன் அலறியதில் தொப்பி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. வந்திருந்த மற்ற பிள்ளைகளில் ரெண்டு மூணு பேரும் அழ, அப்பா அம்மாமார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடினோம். விழிப்புணர்வு ஊர்வலம் பிள்ளைகள் இல்லாமலே முன்னே போய்விட்டது.

மறுநாள் அந்த போர்டு அடித்த கடையைத் தேடிப் போனேன். பையன் கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்து காட்டினான். வருசா வருசம் அதே ஃபைல்தானாம், தேதியை மட்டும் மாற்றுவார்களாம். இறுக்கம் என்று போடாதே தம்பி, தப்பான அர்த்தம் வருகிறது என்று பத்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான், என் முன்னாலேயே அழித்துத் தட்டினான், ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பினான்.

'மன அழுத்தம் பாதித்த குழந்தைகளை நேசிப்போம்.'

"இப்ப செரியா அண்ணே? இறுக்கத்தை எடுத்தாச்சு."